பெட்டிக்கடையில் கிடைத்தால் பேர் கெட்டுவிடுமா?

தங்கம் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும்தான் கிடைக்கிறது. அதனால் அதன் மவுசு குறைந்துவிட்டதா என்ன? யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதே கேள்வியை ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்துக் கேட்டுப் பாருங்கள். உடனே அடிதடி!

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் வந்ததும் ஆபீஸ்கள் பெருகின. ஆபீஸ் பெருகியதும் டீ குடிக்கிற கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகினால் விவாதம் இல்லாமல் இருக்குமா? எங்கள் ஆபீஸில் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிற தலைப்பு இதுதான்: ஒசத்தியான ஆடியோ கம்பெனிகள் எல்லாம் தங்கள் சரக்கை மூலைக்கு மூலை விற்க ஆரம்பித்துவிட்டால், அந்தப் பேருக்கு மரியாதை இருக்குமா, இருக்காதா?

ஒரு கோஷ்டிக்குத் தலைவர் எங்கள் சூப்பரின்டென்டென்ட். ''அந்தக் காலத்துல ஜே.பி.எல். ஸ்பீக்கரை நேர்ல பார்க்கணும்னா மெட்ராஸ் போகணும் ஸார். ஏ.ஸி. ரூம்ல கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி இருக்கும். தொட்டா கடைக்காரன் முறைப்பான். இப்ப பாருங்க... துருகம் ரோட்டுல செல்போன் கடையில, சார்ஜருக்கும் டெம்பர் கிளாஸுக்கும் நடுவுல கொக்கியில தொங்குது! மானம் போச்சு ஸார்!''

எதிர்க் கோஷ்டிக்குத் தலைவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன். ''என் சம்பளத்துக்கு அது எட்டினதுல யாருக்கு ஸார் மானம் போச்சு?'' என்றான்.

நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலவே பட்டது. சரி, கொஞ்சம் துருவிப் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

மலை மாதிரி ஒன்று, உள்ளங்கை அளவு ஒன்று

ஜேம்ஸ் புல்லோ லான்சிங் என்ற அமெரிக்கர் 1946-ல் ஆரம்பித்த கம்பெனி இது. அவர் பேரின் முதல் எழுத்துக்கள்தான் ஜே.பி.எல். சினிமா தியேட்டர் ஒலிபெருக்கிகளில் ஊறித் திளைத்த மனுஷர். மூன்றே வருஷத்தில், 1949-ல் இறந்துபோனார். பேர் மட்டும் நின்றது. 1969-ல் சிட்னி ஹார்மன் கைக்குப் போய், 2017-ல் ஹார்மனையே சாம்சங் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கி... இன்றைக்கு உங்கள் ஊர் செல்போன் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே ஜே.பி.எல். 'எவரெஸ்ட்' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒரு ஜோடி வாங்குகிற காசுக்கு நம்ம ஊரில் மனை வாங்கி வீட்டுக்குக் கடக்காலும் போட்டுவிடலாம்! தியேட்டருக்கும் கச்சேரி மேடைக்கும் ரிக்கார்டிங் ஸ்டூடியோவுக்கும் இன்னமும் சரக்குக் கொடுக்கிறார்கள். கூடவே உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டப்பாவும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேல் படியும் இருக்கிறது, கீழ்ப் படியும் இருக்கிறது. கீழ்ப் படியில் நிற்பவன் மேலே அண்ணாந்து பார்க்க ஒரு இடம் இருக்கிறது.

மேல் படியை இடித்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது.

இன்ஃபினிட்டி என்று ஒரு பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலிஃபோர்னியாவில் 1968-ல் தொடங்கிய கம்பெனி. 1980-ல் அவர்கள் கொண்டுவந்த 'ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட்' ஸ்பீக்கர், ஒரு ஸெட்டுக்கு நாலு கோபுரம். ஆள் உயரத்தைவிட அதிகம். உலகத்திலேயே சிறந்த ஸ்பீக்கர் எது என்று ஆடியோ பைத்தியங்கள் சண்டை போட்டால் அந்தப் பட்டியலில் கட்டாயம் அதுவும் இருக்கும். அந்த இன்ஃபினிட்டியும் ஹார்மன் குடும்பத்துக்கே வந்தது. இன்றைக்கு இந்தியாவில் அந்தப் பேரைச் சொன்னால் என்ன தெரிகிறது? சகாய விலை இயர்ஃபோன். குடும்பத்தில் அண்ணன் ஜே.பி.எல். மலையும் வைத்துக்கொண்டு மடுவும் வைத்துக்கொண்டான். தம்பிக்கு மடு மட்டும்தான் மிஞ்சியது.

இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கடைகளில்தான் விற்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்படியானால் குற்றம் கடையின் மேல் இல்லை என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

பழசைக் கொண்டா, புதுசை எடு!

நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கு அகாய் டி.வி. ஞாபகம் இருக்கும். 1990-களின் நடுவில் பேரன் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி அதை இந்தியாவில் விற்றது. உங்கள் வீட்டுப் பழைய டி.வி.யைக் கொண்டுவந்து போடுங்கள், விலையில் தள்ளிக்கொள்கிறோம் என்று எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் போட்டு நாட்டையே ஒரு கலக்குக் கலக்கினார்கள். ஓடாத டி.வி.க்குக்கூட திடீர் மரியாதை!

அகாய் உண்மையில் யார் தெரியுமா? ஜப்பானில் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் செய்து உலகப் பேர் வாங்கிய கம்பெனி. அவர்களுடைய கண்ணாடி ஹெட்டுக்கு ஆயுசு கெட்டி என்று இன்றைக்கும் பழைய மெஷின்களைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் நம் ஊர் ஜனங்களின் மனசில் அது 'எக்ஸ்சேஞ்ச் டி.வி.' ஆகத்தான் பதிந்தது. 2000-ல் ஜப்பானில் தாய்க் கம்பெனி நொடித்துப் போனது வேறு கதை. அதற்கு நம்ம ஊர்த் தள்ளுபடிதான் காரணம் என்று சொன்னால் அபாண்டம். ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைப்பது ஒரு விஷயம். எல்லா ஊரிலும் கூவிக் கூவி விற்பது வேறு விஷயம். தினமும் தள்ளுபடி என்றால், தள்ளுபடி விலைதான் நிஜ விலை என்று வாங்குகிறவனுக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் பழைய விலையைச் சொன்னால் சிரிப்பான்.

இதற்கு நேர் எதிர் போஸ் கம்பெனி. அமர் போஸ் என்பவர் 1964-ல் ஆரம்பித்தது. அப்பா கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சுதந்திரப் போராட்டக்காரர். பிள்ளை எம்.ஐ.டி.யில் பேராசிரியர். சொந்தக் கடை, தபால் ஆர்டர், கார், பெரிய கடை, ஆன்லைன் என்று எல்லா வழியிலும் விற்றார்கள். 2020 ஜனவரியில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியாவில் இருந்த 119 சொந்தக் கடைகளையும் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை! அங்கே ஜனங்கள் ஆன்லைனில் வாங்கப் பழகிவிட்டார்கள். நமக்குக் கையில் எடுத்து, காதில் மாட்டி, பக்கத்தில் இருக்கிற மச்சானிடம் அபிப்பிராயம் கேட்டால்தான் திருப்தி!

இத்தனை இடத்தில் கிடைத்தும் போஸ் மலிவாகிவிட்டது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைவிட சாமர்த்தியம் ஒன்று செய்தார்கள். 2024 நவம்பரில் மெக்கின்டாஷ், சோனஸ் ஃபாபர் என்ற படு ஒசத்தியான பேர்களை வைத்திருந்த கம்பெனியை வாங்கினார்கள். வாங்கிவிட்டு அதன் மேல் தங்கள் பேரை ஒட்டவில்லை. கடைத்தெருவுக்கு ஒரு பேர், கனவான்களுக்கு ஒரு பேர்!

பேரை ஒட்டுவதில் உள்ள கஷ்டத்துக்கு எங்கள் ஆபீஸே சாட்சி. டென்மார்க்கில் 1925-ல் பிறந்தது பேங் அண்ட் ஒலுஃப்சென். அரண்மனை மாதிரி வீடுகளுக்கான ஆடியோ. 2015-லிருந்து பல வருஷம் ஹெச்.பி. லேப்டாப்களில் இவர்கள் பேர் அச்சாகி வந்தது. எங்கள் ஆபீஸ் லேப்டாப் ஒன்றிலும் இருக்கிறது. டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் அதைக் காட்டி, ''இது என்னன்னு தெரியுமா?'' என்றேன்.

''ஏ.எம்.சி. எடுத்த கம்பெனின்னு நினைச்சேன் ஸார்'' என்றார்.

நூறு வருஷ கௌரவம், ரிப்பேர்காரன் பேராகிவிட்டது!

மலையில் கேட்ட கணக்கு

இதெல்லாம் கம்பெனிகளின் கவலை. அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். இதில் நிஜமாகவே கை சுட்டுக்கொண்ட ஒருவரை நான் பார்த்தது கல்வராயன் மலையில்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நண்பரோடு பைக்கில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை வேடிக்கை பார்த்துவிட்டு, மலை ஏறி வெள்ளிமலை. காற்று ஜிலுஜிலு. மரவள்ளி வயல்கள், இடையிடையே சாமையும் தினையும். அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற இளைஞர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் ஸெட் இவருடையது. வெளியூர் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு ஃபைனான்ஸில் கடனும் வாங்கி, ஜே.பி.எல்.லின் மேடை பாக்ஸ் ஒரு ஜோடி செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறார். பதினைந்து இஞ்ச் பாக்ஸ். ஒன்றைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.

''எடுத்த புதுசுல, ஜே.பி.எல். பாக்ஸ்னு சொன்னாலே வாடகையில ஆயிரம் ரூபா சேர்த்துக் கேப்பேண்ணே. மூச்சு விடாமக் குடுப்பாங்க. மலையிலே வேற யார்கிட்டயும் இல்லே'' என்றார்.

''இப்ப?''

''இப்ப மாப்பிள்ளை வீட்டுல ஒரு பையன் கையில சோப்பு டப்பா சைஸ்ல ஒண்ணை வெச்சிக்கிட்டு வர்றான். 'இதுவும் ஜே.பி.எல்.தாண்ணா. மூவாயிரம்தான். உங்க ஒருநாள் வாடகையே அதுக்கு மேல இருக்கே'ங்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?''

''ஒண்ணும் சொல்லலையா?''

''சொன்னேன். 'தம்பி, உன் டப்பாவைக் கொண்டாந்து பந்தல் நடுவுல வை. பாட்டு போடு'ன்னேன். போட்டான். அடுப்புக்கிட்ட நிக்கிறவனுக்கே கேக்கல. அப்புறம் என் பாக்ஸைப் போட்டேன். எதிர் கரட்டுல மாடு மேய்ச்சிக்கிட்டிருந்த ஆளு திரும்பிப் பார்த்தாரு!''

''அப்புறம் என்ன, ஜெயிச்சுட்டீங்களே!''

''எங்கண்ணே... எல்லாரும் சிரிச்சாங்க, கை தட்டினாங்க. வாடகை மட்டும் ஏறல'' என்றார். ''இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்கு.''

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். சின்ன டப்பா விற்றதில் கம்பெனிக்கு லாபம். வாங்கின பையனுக்கும் சந்தோஷம். செல்போனில் கேட்டதைவிட நல்ல சத்தம்தானே? கடைக்காரருக்கும் கமிஷன். எல்லாருக்கும் லாபமாக முடிந்த இந்த வியாபாரத்தில் ஒருத்தருக்கு மட்டும் மாசா மாசம் நஷ்டம். பேரை நம்பி மேல் படியில் காசு போட்டவருக்கு! பேருக்காகக் கிடைத்த அந்த ஆயிரம் ரூபாய் எங்கேயும் எழுதி வைக்காத சொத்து. அது கரைந்துபோனால் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொன்ன 'மானம் போச்சு' நிஜமாக யாருக்குப் போச்சு என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் இளைஞர் லேசுப்பட்டவர் இல்லை. இப்போது பேரைச் சொல்வதையே விட்டுவிட்டாராம். ''பதினஞ்சு இஞ்ச் ரெண்டு பாக்ஸ், ஜெனரேட்டர் என்னுது, முந்நூறு பேருக்குக் கேக்கும், வயசானவங்க உக்கார்ற பக்கம் சத்தம் கம்மியா வெச்சுத் தருவேன்... இப்படித்தாண்ணே இப்ப சொல்றேன். அதுக்குப் பேரம் பேச மாட்டேங்கிறாங்க.''

விளம்பரக் கம்பெனிகள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற பாடம் இது. வெள்ளிமலைப் பக்கத்தில் ஓசியில் கிடைத்தது.

எங்கும் கிடைப்பதே பெருமை!

அவருடைய பாக்ஸுக்குப் பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். அஹுஜா.

நம்ம ஊர் மைக் ஸெட் உலகத்தில் இந்தப் பேர் தெரியாதவர் கிடையாது. டில்லியில் 1940-ல் ஆரம்பித்த கம்பெனி. கோயில், பள்ளிக்கூடம், மசூதி, சர்ச், பஞ்சாயத்து ஆபீஸ், பொதுக்கூட்டம் என்று எங்கே மைக்கைத் தட்டி 'ஹலோ... மைக் டெஸ்டிங்' என்றாலும் பின்னால் பெரும்பாலும் அஹுஜாதான் இருக்கும். கூம்புக் குழாய்களுக்குத் தடை, கெடுபிடி என்று வந்து, பாக்ஸ் ஸ்பீக்கர் காலம் பிறந்த பிறகும் ஆம்ப்ளிஃபயர் என்றால் அது!

இவ்வளவு மலிந்து கிடக்கிறதே, மதிப்புக் குறைந்ததா என்று இளைஞரிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

''திருவிழா அன்னிக்கு சாயங்காலம் ஆம்ப்ளி ஊத்திக்கிச்சுன்னு வைங்க. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிட்டு ஓடினா மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டு சரி பண்ணுவாரு. பார்ட்ஸ் கைவசம் இருக்கும். ராத்திரி சாமி ஊர்வலத்துக்குள்ள திரும்பிடலாம். வேற ஒசத்தி கம்பெனின்னா மெட்ராஸுக்கு அனுப்பிட்டு நான் உக்காந்திருக்கணும்!''

ஆக, எல்லா இடத்திலும் கிடைப்பதே சில பேர்களுக்குப் பெருமை. அஹுஜாவின் கௌரவம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இல்லை. மெக்கானிக்கின் மேஜை டிராயரில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கே சொந்தமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாகனம் செதுக்குகிற அதே உளி, மேஜையில் வைக்கிற சின்னப் பிள்ளையாரையும் செதுக்குகிறது. சின்னப் பிள்ளையார் நிறைய விற்பதால் பெரிய வாகனத்துக்கு மதிப்புக் குறைவதில்லை. காரணம், பெரிய வாகனம் செய்கிற கை இன்னும் இருக்கிறது. எங்கேயோ மெஷினில் அடித்த பிளாஸ்டிக் பிள்ளையாரைக் கொண்டுவந்து 'கள்ளக்குறிச்சி' என்று ஒட்டினால்தான் வம்பு.

கடையில் ஒரு கண்கட்டு வித்தை

கடைக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. செல்போன் கடைக்குள் போய்ப் பாருங்கள். ஏழெட்டு ஸ்பீக்கர் வரிசையாக நிற்கும். வெளியே பஸ் ஹாரன், உள்ளே ரீசார்ஜ் கூட்டம். கடைப் பையன் ஒவ்வொன்றாக ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டுவான். அந்த அமளியில் எது ஜெயிக்கும்? சத்தம் அதிகமாக வருகிறதே, அது.

இது நம் காதின் குணம். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை துளியூண்டு சத்தம் கூட்டினால், 'இது இன்னும் தெளிவா இருக்கே' என்றுதான் தோன்றும். சத்தம் கூடியது என்று தோன்றாது. இது கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடை அலமாரியில் ஜெயிப்பதற்கென்றே டமடம பேஸும், கலர் கலராக மினுக்குகிற லைட்டும் வைத்து சரக்குச் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அமைதியான ரூமில் உட்கார்ந்து வயலினையும் குரலையும் கேட்டு வாங்குகிற ஆளுக்காகச் செய்த பேர், அமளியில் அரை நிமிஷம் கேட்டு வாங்குகிற ஆளுக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மலிவாவது என்றால் எனக்குப் புரிந்தவரை இதுதான். பேர் கடைக்கு வந்ததால் கெடுவதில்லை. கடைக்கு ஏற்ற மாதிரி சரக்கு மாறும்போதுதான் கெடுகிறது.

அப்ப நாம என்ன செய்ய?

போனஸ் வந்ததும் ஸ்பீக்கர் கடைக்கு ஓடப்போகிற சகோதரர்களுக்கு, ஓசியில் நாலு யோசனை:

1. கடையில் குத்துப்பாட்டு கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான மெலடி ஒன்றைக் கொண்டுபோங்கள். குரல் குரலாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டை ஒப்பிட்டால் சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள். கடைப் பையன் முறைத்தால் முறைக்கட்டும்.

2. பெட்டி மேல் இருக்கிற பேர் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கம்பெனி இன்னமும் ஒசத்தியான சரக்குச் செய்கிறதா, பேரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கிறதா?

3. திருவிழாக் கடையில் பாதி விலைக்குப் 'பெரிய கம்பெனி' கிடைத்தால், அதே மரியாதையோடு கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஸ்பெல்லிங்கை நன்றாகப் பார்த்தால் ஒரு எழுத்து அங்கே இங்கே இருக்கும். பில், வாரன்டி இரண்டும் இல்லாத பேர், வெறும் பெயின்ட்.

4. ரிப்பேர் எங்கே என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஸார்' என்று பதில் வந்தால், ஆகும் என்று அர்த்தம்.

ஆபீஸில் என் தீர்ப்பை அறிவித்தேன். எட்டாத உயரத்தில் இருந்தால்தான் மரியாதை என்பது கண்ணாடிக் கதவு வைத்திருந்தவர்களின் கணக்கு. ஒரு நல்ல பேர் துருகம் ரோடு வரைக்கும் வருவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வரும்போது தரத்தையும் ரிப்பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு வரட்டும். கூடவே, அந்தப் பேரை நம்பி மலை மேலே கடன் வாங்கிப் பெரிய பாக்ஸ் எடுத்தவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். மேடைக்குச் செய்கிறது வேறு, மேஜைக்குச் செய்கிறது வேறு என்று ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வித்தியாசம் காட்டினால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

சூப்பரின்டென்டென்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ''எது எப்படியோ ஸார், கொக்கியில தொங்கினா மரியாதை இல்ல'' என்றார்.

கொக்கியில் தொங்குவது பிரச்னை இல்லை ஸார். வாங்கிக்கொண்டு வந்து மூணாவது மாசம் 'கர்ர்ர்...' என்று இழுக்கும் பாருங்கள், அங்கேதான் பேர் கெடுகிறது!